முன்னணையும் நம் முற்றமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



குடும்ப வாழ்விலும் கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் நாம் கற்கும் விசுவாசப் பாடங்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். பாடம் என்றதும் நம் மனம் பீடத்தையும் பிரசங்கத்தையும் நாடுகிறது. வீடு என்றதும் வரவு செலவும் பிள்ளைகளின் படிப்பும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சுவரை நாமே எழுப்பிக்கொண்டோம். நற்செய்தியில் அச்சுவர் இல்லை. நான் இங்கே சொல்ல விழைவது ஒன்றே: கிறிஸ்து பிறப்பு முதன்முதலில் ஒரு வீட்டுச் செய்தி. ஆதலால் அதனை விளங்கிக்கொள்ளும் இடமும், நாம் விளங்கிக்கொண்டோமா என்று சோதிக்கும் இடமும் வீடேயாகும்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. கவிஞர் கூடிய அவையில் அதற்கு இடமுண்டு என நம்புகிறேன். லூக்கா எழுதிய நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், மரியாளும் யோசேப்பும் இடம் கிடைக்காமல் நின்றது எங்கே என்பதற்கு நம் பழைய மொழிபெயர்ப்பு ‘சத்திரம்’ என்ற சொல்லைத் தருகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘கட்டாலுமா’ என்பது. அதே லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், கடைசி இராவுணவுக்கென ஒரு வீட்டில் கேட்டுப் பெற்ற அறையைக் குறிக்கவும் இதே சொல்லை ஆள்கிறார். ஆனால் 10-ஆம் அதிகாரத்தில், நல்ல சமாரியன் காயம்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த விடுதியைச் சொல்லும்போது ‘பண்டோகெயோன்’ என்னும் வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறார். காசு கொடுத்துத் தங்கும் விடுதிக்கு அவரிடம் தனிச்சொல் இருந்தது. பிறப்பு நிகழ்ச்சியில் அதை அவர் எடுத்தாளவில்லை.

ஆகவே, இங்கே குறிக்கப்படுவது உறவினர் வீட்டு விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அந்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் இரவு வேளையில் கால்நடைகளை வீட்டின் ஒரு பகுதியிலேயே கட்டும் வழக்கத்தையும் அவர்கள் சுட்டுவர். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிபன்று இது. எனினும் இதன் ஒளியில் அந்த இரவு வேறாகத் தோன்றுகிறது. குடிமதிப்புக்காக ஊர் நிரம்பிவிட்டது. விருந்தறையில் முன்பே ஆள் இருக்கிறது. வீட்டார் தாங்கள் படுக்கும் இடத்தில் சற்றே ஒதுங்கி, தீவனத் தொட்டியைத் துடைத்துத் தருகிறார்கள். பள்ளி நாடகங்களில் ஆண்டுதோறும் முகத்திலறைந்தாற்போலக் கதவடைக்கும் சத்திரக்காரன் நற்செய்தியில் எங்கும் வருவதில்லை. அவனைப் படைத்தவர்கள் நாம்.

இந்த ‘ஒதுங்கி இடங்கொடுத்தல்’ தமிழ் வீடுகளுக்குத் தெரியாத ஒன்றா? கலியாண வீட்டில் கூடம் முழுதும் பாய் விரித்து, ஒருவர் கால்மாட்டில் இன்னொருவர் தலைவைத்து உறங்கியவர்கள் நாம். நள்ளிரவில் வந்திறங்கும் சித்தப்பாவுக்கு இன்னொரு முழம் இடம் எப்படியோ பிறந்துவிடும். ஞானியர் வந்து பணிந்த இடத்தை மத்தேயு வெளிப்படையாகவே ‘வீடு’ என்றுரைக்கிறார். பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கோ ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். ஊரின் பெயரிலேயே அடுக்களை இருக்கிறது.

மத்தேயு நம்மை வேறொரு வாயில் வழியாக உள்ளே அழைத்துச் செல்கிறார். அவர் தொடங்குவது வமிசவழியில். அதில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி, மரியாள் என ஐந்து பெண்கள் இடம்பெறுகின்றனர். பெண் பார்க்க வருவோரிடம் எந்தக் குடும்பமும் மூடி மறைக்க விரும்பும் செய்திகளை அவர் முதற் பக்கத்திலேயே எழுதிவைத்தார். அதன்பின் யோசேப்பு வருகிறார். தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கருவுற்றிருக்கிறாள் என்றறிந்தபோது, அவளை ஊர் நடுவே நிறுத்த அவருக்கு வழக்கும் வாய்ப்பும் இருந்தன. அவரோ அவளை அவமானப்படுத்த மனமின்றி, ஓசையில்லாமல் விலகிக்கொள்ள எண்ணினார். தூதன் கனவில் தோன்றியது இதற்குப் பிறகுதான். விளக்கம் கிடைக்குமுன்னரே இரக்கம் பிறந்துவிட்டது. மத்தேயு தம் நூலில் ‘நீதிமான்’ என்ற சொல்லை முதன்முதலில் சூட்டுவது இந்த மனிதருக்கே.

இந்த இல்லறத்தாரைத் தலைவராகக் கொண்டு 1726-இல் ஒரு பெருங்காப்பியம் தமிழில் எழுந்தது. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைத்தான் சொல்கிறேன். இத்தாலியில் பிறந்து, இல்லற வாழ்வையே துறந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், பேரரசனையோ படைத்தலைவனையோ பாடாமல் ஒரு தச்சரைப் பாடினார். ‘பெருகச் செய்வார்’ என்னும் கருத்துடைய யோசேப்பு என்ற பெயரை ‘வளன்’ எனத் தமிழாக்கினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். இல்வாழ்க்கைக்கு வள்ளுவர் தந்த முதன்மையை அறியாதவரல்லர். நம் மண்ணில் காப்பியத் தலைமைக்கு ஒரு குடும்பத்தலைவர் போதும் என்று அவர் துணிந்தது எண்ணி மகிழத்தக்கது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் விருந்துப் பந்தியில் உறவினர் சூழ இருக்கையில் நாம் கேட்கும் கேள்விகளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். “இவனுக்கு இன்னும் வேலை அமையவில்லையா?” “கல்யாணமாகி ஐந்து வருடமாயிற்றே, விசேஷம் ஒன்றுமில்லையா?” கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் ஓர் இளம்பெண் அந்தக் கணத்தில் இலையை விட்டு எழாமலேயே எழுந்துபோய்விடுகிறாள். பிறர் நாணத்தைக் காப்பதுதான் நீதி என்பது யோசேப்பு கற்பிக்கும் பாடம். அதைக் கற்கப் பெரிய வேத அறிவு வேண்டியதில்லை. கேட்கவந்த ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டு, அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு பரிமாறினாலே போதும்.

அன்புடையீர், இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அந்த நெடுங்காலத்தைப் பற்றி நற்செய்திகள் பெரும்பாலும் மௌனம் காக்கின்றன. பன்னிரண்டு வயதில் எருசலேமில் பிள்ளையைக் காணாமல் மூன்று நாளாகப் பெற்றோர் பரிதவித்த ஒரு நிகழ்ச்சி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆனால் அவர் வாயைத் திறந்து உவமை பேசத் தொடங்கியதும் அந்த மௌனம் கலைகிறது. மூன்று படி மாவில் புளித்த மாவை அடக்கிவைக்கும் பெண். பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்ததற்காக விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடி, கண்டதும் அக்கம்பக்கத்தாரைக் கூவியழைப்பவள். பழந்துணியில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்ற தையல் அறிவு. மரக்காலால் மூடாமல் தண்டின்மேல் வைக்கும் விளக்கு. நள்ளிரவில் மூன்று அப்பம் கடன் கேட்டு வரும் நண்பனிடம், பிள்ளைகள் என்னோடு படுத்துவிட்டார்கள் என்று உள்ளிருந்தபடியே மறுமொழி சொல்லும் தகப்பன். இவற்றை அவர் எந்தக் கல்விச்சாலையில் கற்றார்? நாசரேத்தூர் வீட்டில், மாவு பிசையும் தாயின் அருகில் இருந்து கண்டவை இவை என்று கொள்வதே இயல்பு. விளக்கேற்றினாலன்றிக் காசு தென்படாத இருண்ட வீடு ஏழை வீடு. அந்த இருட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. இறையரசைச் சொல்ல அவருக்கு உவமைகளை ஈந்தது அடுக்களை என்றால், நம் அடுக்களைகளில் பாடமில்லை என்று எவ்வாறு கூறுவது?

டிசம்பர் மாதத்து வீடு ஒரு சிறு பள்ளியாகிறது. குடிலில் பச்சை வேண்டுமென்று பிள்ளைகள் சிரட்டையில் மண்ணிட்டுக் கேழ்வரகு தூவி, நாள்தோறும் நீர் தெளித்து, முளைத்ததா என்று கிளறிப் பார்த்து வசவு வாங்குகிறார்கள். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் சொல்லும் காத்திருத்தலை அந்தச் சிரட்டை சொல்லிக்கொடுத்துவிடுகிறது: கிளறினால் முளைக்காது. குடிலில் மேய்ப்பர் வந்துவிடுவர், மாடுகளும் நிற்கும்; நடுவிலுள்ள தொட்டி மட்டும் 24-ஆம் தேதி இரவு வரை வெறுமையாக இருக்கும். வருபவருக்கென ஓரிடத்தை வெறுமையாக வைத்திருப்பதே ஆயத்தம் என்பதை ஆறு வயதுப் பிள்ளை கையால் தொட்டு அறிந்துகொள்கிறது. அசிசி நகர்ப் பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சியோ என்னும் மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு அமைத்த காட்சி, எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி நம் வீட்டு மூலையில் சிரட்டைக் கேழ்வரகோடு நிற்கிறது.

ஆனால் இதே வீட்டில் கசப்பான பாடமும் ஒன்றுண்டு. அதிகாலை ஆராதனைக்கு எல்லாரும் புத்தாடை உடுத்திப் புறப்படும்போது, பெரும்பாலும் ஒருவர் மட்டும் பின்தங்குகிறார். முந்தின இரவு முழுதும் அதிரசமும் முறுக்கும் சுட்டவர் அவர். விடிந்தால் விருந்துக்கு இறைச்சி வேகவைக்க வேண்டியவரும் அவரே. மார்த்தாள் பலவற்றைக் குறித்துக் கவலைப்பட்டாள் என்ற பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, “சமையல் ஆயிற்றா?” என்று கேட்பவர்கள் நாம். மார்த்தாளின் முறையீடு, தன் சகோதரி தனக்கு உதவவில்லை என்பது. அந்த முறையீட்டுக்கு இன்னொரு விடையும் உண்டு: வீட்டிலுள்ள எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டால், மார்த்தாளும் வந்து அமரலாம். அவர் பாதத்தருகே அமரும் உரிமை மரியாளுக்கு மட்டும் உரியதன்று.

நான் அறிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டத்துச் சிற்றூர் அது, பெயர் வேண்டாம். தகப்பனார் மறைந்தபின் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்தார்கள். கிணற்றடிப் பாதையில் சச்சரவு மூண்டு, முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. தாயார் மூத்தவரோடு இருந்தார். கோயிலில் இரு குடும்பமும் இரு மூலையில் அமரும், காணிக்கைத் தட்டு இருவரையும் கடந்து செல்லும், இருவரும் இடுவார்கள். அந்த அம்மாள் ஆண்டுதோறும் முந்திரிக்கொத்து செய்யும்போது இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளையும் எண்ணிச் செய்வார். 24-ஆம் தேதி மாலை ஒரு தட்டில் வைத்து, துணியால் மூடி, பேரன் கையில் கொடுத்து, “சித்தி கையில் கொடு, வேறொன்றும் பேசாதே” என்று அனுப்புவார். தட்டு வெறுமையாகத் திரும்பி வரும். பிறர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது நம் பெண்கள் வழிவழியாகக் காக்கும் மரபு. ஒரு பிடி சர்க்கரையாவது இடுவார்கள். ஆதலால் அந்த வெறுந்தட்டு ஒரு சொல். அதைப் படிக்க அம்மாளுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் அவ்வாறே வந்தது. நான்காம் ஆண்டு தட்டில் நான்கு வாழைப்பழங்கள் இருந்தன. அவ்வளவுதான். சுவர் இடியவில்லை, வழக்கும் உடனே தீரவில்லை. ஆனால் அந்த அம்மாள் பழங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “பிறந்துவிட்டார்” என்றாராம்.

பலிபீடத்தண்டை காணிக்கை செலுத்த வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டென்று நினைத்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்பது மலைப்பொழிவின் போதனை. ஒப்புரவுக்காக ஆராதனையே காத்திருக்கலாம் என்பது அதன் பொருள். கெட்ட குமாரன் கதையிலும் இளையவன் திரும்பி வந்ததோடு கதை முடிவதில்லை. மூத்தவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தியழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவில்லை. கதையின் முடிவை அவர் நம் முற்றத்தில் விட்டுச் சென்றார்.

இங்கே ஒரு தடை எழும், எழ வேண்டும். குடும்பத்தை இவ்வளவு போற்றலாமா? தம் தாயும் சகோதரரும் வெளியே நிற்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, தேவ சித்தம் செய்பவரே தமக்குத் தாயும் சகோதரரும் என்று சொன்னவரல்லரோ அவர்? தகப்பனையும் தாயையும் தம்மிலும் மிகுதியாக நேசிப்பவன் தமக்குப் பாத்திரனல்லன் என்றும் உரைத்தாரே? 1678-இல் ஜான் பனியன் எழுதிய பயணக் கதையில் வழிப்போக்கன் மனைவி மக்களை விட்டுத்தான் புறப்படுகிறான். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவித் தமிழில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். தேம்பாவணியில் வீடே தவச்சாலை. யாத்திரிகத்தின் மூலக் கதையிலோ வீட்டைக் கடந்தால்தான் பயணம். இவ்விரு காப்பியங்களும் நம் கையில் இருப்பது நற்பேறு. ஒன்று மற்றொன்றைத் திருத்துகிறது.

என் எளிய கருத்து இது. நற்செய்தி குடும்பத்தை வழிபடச் சொல்லவில்லை, திறந்துவைக்கச் சொல்கிறது. தன் பிள்ளை, தன் சாதி, தன் சொத்து என்று தாழிட்டுக்கொண்ட வீடு எத்தனை நட்சத்திர விளக்குகளைத் தொங்கவிட்டாலும் அப்பத்தின் வீடாகாது. ஏரோதுக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய அந்தக் குடும்பம் அயலார் ஊரில் யாரோ இடங்கொடுத்ததால் பிழைத்தது. கடல் கடந்து ஏதிலிகளாய் வந்த ஈழத்துக் குடும்பங்களைக் கண்ட நமக்கு இது பழங்கதையன்று.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை, கிறிஸ்துமஸ் விருந்தின் மறுநாட்காலையில், கடல் வீடுகளுக்குள் புகுந்தது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். முற்றங்களில் நட்சத்திரங்கள் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பெத்லகேமின் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் அழுகையை மத்தேயு ஏன் பிறப்புக் கதையிலேயே வைத்தார் என்பதை அன்று நம் கடற்கரை அறிந்தது. கோயில்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்தன. முன்பின் அறியாதவர்களுக்கு முன்பின் அறியாதவர்கள் கஞ்சி காய்ச்சினார்கள். அந்த நாட்களில் விசுவாசம் எதை விளக்கியது என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. ஆனால் ஒதுங்கி இடங்கொடுத்தல் என்றால் என்ன என்பதை அது காட்டியது.

நிறைவாகக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் எழுதும் கிறிஸ்து பிறப்புக் கவிதைகளில் பனிக்கட்டி மிகுதியாகப் பெய்கிறது. அது வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்த பனி. நம்முடையது மார்கழி, புல்நுனியில் நிற்கும் பனித்துளியும், குடை பிடித்து நனைந்தபடி வீடுவீடாக வரும் பாடற்குழுவும், பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க அந்தப் பாட்டுக்காக வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் முதியவரும் நம்முடையவர்கள். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேமைப் பாட அயல்நாட்டு யாப்பைத் தேடவில்லை, குறவஞ்சியைக் கையிலெடுத்தார். குறத்தி நடமாடும் வடிவத்தில் கிறிஸ்துவைப் பாட அவருக்குத் துணிவு இருந்தது. நமக்கு அடுக்களையையும் முற்றத்தையும் பாடும் துணிவு வேண்டாவா? வெறுமையாய்த் திரும்பிய தட்டைப் பற்றியும், பந்தியில் குனிந்த முகத்தைப் பற்றியும், ஆராதனைக்கு வராமல் அடுப்படியில் நின்றவரைப் பற்றியும் யார் எழுதுவது?

எழுதுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றும் உண்டு. இன்றிரவு வீடு திரும்பியதும், வருகின்ற கிறிஸ்துமஸ் பந்தியில் யாருடைய இடம் வெறுமையாக இருக்கப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஒரு தட்டு அனுப்புங்கள். வெறுமையாகத் திரும்பினாலும் அடுத்த ஆண்டும் அனுப்புங்கள். கவிதை அதன் பின்னால் வரும், வராவிட்டாலும் குறையில்லை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் இன்னும் பல்லாண்டு தழைத்து, புதியவர் வருந்தோறும் பழையவர் சற்றே ஒதுங்கி இடங்கொடுக்கும் வீடாக விளங்குக என்று வாழ்த்துகிறேன்.